வலது கையால் எழுதிய மனு

என் மேல் எழுதப்பட்ட புகாருக்குப் பேனா கொடுத்தது நானேதான். தலையணையை நிமிர்த்தி வைத்து, சாப்பாட்டு மேசையை நெஞ்சுக்கு நேராக இழுத்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிவிட்டு, "நிதானமா எழுதுங்க ஐயா, ஒண்ணும் அவசரமில்ல" என்று சொல்லிவிட்டு வேறு வந்தேன். இந்தக் கூத்து வேறு எந்தத் தொழிலிலாவது நடக்குமா, சொல்லுங்கள்.

ஐயா என்றால் ஏழாம் படுக்கைக்காரர். நுரையீரலில் சளி கட்டி மூச்சு இழுக்க வந்து சேர்ந்தவர். அரசு அலுவலக வாசலில் மேசை போட்டு உட்கார்ந்து நாற்பது வருடம் ஊராருக்கு மனு எழுதிக் கொடுத்தவர் என்பதால், வார்டில் அவருக்கு மனு ஐயா என்று பேர் விழுந்துவிட்டது. தண்ணீர் வேண்டுமென்றால்கூட, "தாகத்தின் பொருட்டு ஒரு டம்ளர் நீர் வழங்கி ஆவன செய்யணும்மா" என்பார். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். அதுதான் வினையே.

கூட இருந்தது மகள். வந்த நாளிலிருந்து நாற்காலியிலேயே சுருண்டு தூங்குகிற பெண், வாய் திறந்து பேசவே பயப்படுவாள். இரண்டாம் நாள் காலை, அப்பாவுக்குச் சட்டை மாற்றுகிறேன் பேர்வழி என்று, டிரிப்ஸ் ஊசி இருந்த வலது கையைப் பிடித்து ஒரே இழுப்பு. ஊசி நரம்பை விட்டு நழுவிவிட்டது. பயத்தில் அரை மணி நேரம் யாரிடமும் மூச்சு விடவில்லை. நான் போய்ப் பார்த்தபோது மருந்தெல்லாம் தோலுக்கடியில் இறங்கி, கை பன் மாதிரி உப்பியிருந்தது.

"சட்டை மாத்தணும்னா கூப்பிடுன்னு எத்தனை தடவ சொன்னேன்? காது எங்க வச்சிருந்தே?" என்று கத்திவிட்டேன். கத்தியது வாஸ்தவம்தான், மறைக்க மாட்டேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நோட்டுல எழுதிராதீங்கக்கா. அண்ணன் வரப்போறாரு. அப்பாவைப் பாத்துக்கக்கூடத் துப்பில்லையான்னு என்னைக் கிழிச்சுத் தொங்கவிட்ருவாரு."

எங்கள் வேலையில் ஒரே சட்டம்தான். நோட்டில் எழுதியது நடந்தது, எழுதாதது நடக்கவில்லை. பதினோரு வருட வேலையில் அன்றைக்கு முதல்முறையாக ஒரு வரியை விழுங்கினேன். "ஊசி இடம் மாறியிருந்தது. இடது கையில் மாற்றப்பட்டது. நோயாளிக்குப் புகார் ஏதும் இல்லை." கடைசி வரி எல்லா நோட்டிலும் உண்டு. வலி, மயக்கம் என்று நோயாளி எதுவும் சொல்லவில்லை என்று அர்த்தம். இழுத்தது யார் என்று மட்டும் எழுதவில்லை.

அதே நாளில்தான் அவருக்கு உடம்பு துடைத்துவிட்டபோது என் கதையைச் சொன்னேன். இந்த ஆஸ்பத்திரியில் ஆறு வருடமாக ஒப்பந்தத்தில் இருக்கிறேன். இந்த மாதம் நிரந்தரப் பட்டியலில் என் பேர் இருக்கிறது. நிரந்தரம் ஆனால்தான் குவார்ட்டர்ஸ் கிடைக்கும், குவார்ட்டர்ஸ் கிடைத்தால்தான் என் அக்கா வீட்டில் வளர்கிற என் மகளைக் கூட்டிவந்து வைத்துக்கொள்ள முடியும். ஒன்பது வயது. போன் எடுத்தால் அவள் கேட்பது ஒன்றே ஒன்று: "எப்பம்மா?"

"ஆணை வரட்டும், நன்றிக் கடிதம் நான் எழுதித் தர்றேன்" என்றார் மனு ஐயா. வாய் முகூர்த்தம் அப்படி.

நாலாம் நாள் மகன் வந்தார். வார்டில் இவர்களுக்கென்றே ஒரு பேர் வைத்திருக்கிறோம்: நாலாம்நாள் சொந்தம். முதல் நாளிலிருந்து கூடவே இருப்பவர்கள் சத்தம் போட மாட்டார்கள், அவர்களுக்குத் தெம்பு இருக்காது. நாலாம் நாள் வருபவருக்குத்தான் பாசம் பொத்துக்கொண்டு வரும். வராமல் இருந்த மூன்று நாளுக்கும் சேர்த்து யாரையாவது திட்டியாக வேண்டும், இல்லையா? ரேடியோ என்று என் கூட்டாளி நர்ஸ் ஒருத்தி, வார்டு சேதி முழுக்க அவள் வாயில்தான். போன மாதம் ஒரு நாலாம்நாள் சொந்தம் அவள்மேல், "எங்கம்மாவைப் பாத்துச் சிரிச்சா" என்று எழுதிக் கொடுத்தார். அதற்கு முந்தின மாதம் வேறொருவர் அவள்மேலேயே, "சிரிக்கவே இல்ல" என்று எழுதிக் கொடுத்திருந்தார். புகார் வந்தவளுக்கு மற்றவர்கள் டீ வாங்கித் தரவேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. ரேடியோ இந்த வருடம் காசு கொடுத்து டீ குடித்ததே இல்லை.

மகன் அப்பாவின் கையைப் பார்த்தார். வீக்கம் வடிந்திருந்தது, நீலம் மட்டும் மிச்சம். "யார் இப்படிப் பண்ணது?" என்று தங்கையைப் பார்த்துக் கேட்டார். கட்டிலிலிருந்து மனு ஐயா முந்திக்கொண்டார்: "நர்ஸம்மா குத்தினதுதான்."

இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் ஐயா பேப்பரும் பேனாவும் கேட்டார் என்பதுதான். கை தேறிவிட்டது என்ற சந்தோஷத்தில் என் சொந்தப் பேனாவையே கொடுத்தேன். நோட்டிலும் எழுதினேன்: "10.20. நோயாளி நிமிர்ந்து உட்கார்ந்து எழுதினார்."

மறுநாள் காலை மேட்ரன் கூப்பிட்டார். மேசைமேல் நாலு பக்கம். எழுத்தெல்லாம் முத்து முத்தாக, ஆனால் மெய்யெழுத்துகளின் தலையில் புள்ளி மட்டும் மிளகு மாதிரி தடித்திருந்தது. என் பேனா மை கக்கும். புள்ளி வைத்தால் குட்டை கட்டும். யார் பேனா என்று பார்த்த உடனே தெரிந்துவிட்டது. ஆத்திரம் வந்தது. அந்த ஆளுக்கு நான் நகம் வெட்டிவிட்டிருக்கிறேன்.

மேட்ரன் சத்தமாகப் படித்தார். "மேற்படி செவிலியரின் மெத்தனப் போக்கால் என் தந்தையின் வலக்கரம் அறவே செயலிழந்து, ஒரு டம்ளரையும் தூக்க இயலாத அவல நிலைக்கு ஆளாகி..."

பக்கத்தில் நின்ற மகன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். "கையெழுத்து என்னோடது மேடம். ஆனா எழுதினது எங்கப்பா. தன் கைப்பட எழுதினாரு. நாலு பக்கம், ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது, பாருங்க!"

மேட்ரன் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். "எந்தக் கையால?"

"வலது..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"டம்ளர் தூக்க முடியாத கை நாலு பக்கம் எழுதியிருக்கு" என்றார் மேட்ரன். "எங்க நர்ஸ் அப்படி என்ன வைத்தியம் பண்ணாங்கன்னு நானும் அவங்களைக் கேக்கணும்." ஓரத்தில் 'ஆதாரமற்றது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மகன் போனை எடுத்து, வராத அழைப்பு ஒன்றுக்கு "ஹலோ" சொல்லிக்கொண்டே வெளியே போனார்.

ரேடியோ வாங்கிக் கொடுத்த டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு நேராக ஏழாம் படுக்கைக்குப் போனேன்.

"ஏன் ஐயா, உங்களுக்கே இது நல்லா இருக்கா? மனசுன்னு ஒண்ணு இருக்கா உங்களுக்கு?"

அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. மகள் பாத்ரூமில் இருக்கிறாளா என்று பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "உண்மையைச் சொன்னா அவன் அவளைத் தின்னுருவான்மா. அவ தாங்க மாட்டா. நீங்க தாங்குவீங்க. உங்களுக்கு இதெல்லாம் பழக்கம்தானே? அதோட, நாப்பது வருஷமா மனு எழுதுறவன் நான். எது நிக்கும், எது விழும்னு எனக்குத் தெரியாதா? விழற மாதிரிதான் எழுதினேன். விழுந்துச்சா இல்லையா?"

விழுந்தது. ஒத்துக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது. கோபத்தோடு சிரிப்பும் வந்து தொலைத்தது. "படுபாவி ஐயா நீங்க" என்று சொல்லிவிட்டு அவருக்கு மாத்திரை கொடுத்தேன்.

மறுநாள் மத்தியானம் மேட்ரன் மறுபடியும் கூப்பிட்டார். இந்தத் தடவை மேசைமேல் என் நிரந்தரப் படிவம். ஒன்பதாம் கேள்விமேல் விரலை வைத்துக் காட்டினார். 'கடந்த ஓராண்டில் புகார் பெறப்பட்டதா? ஆம் / இல்லை.'

"அதான் பொய்னு நீங்களே எழுதிட்டீங்களே மேடம்!"

"எழுதினேன். ஆனா இவங்க, பெறப்பட்டதான்னுதான் கேக்குறாங்க. நெசமான்னு கேக்கலையே." பாவம், அவருக்கும் முகம் வாடித்தான் இருந்தது. "ஆம்னு வந்தா அடுத்த வருஷப் பட்டியல்தான். என்னால ஒண்ணும் பண்ண முடியாதும்மா."

வார்டுக்குத் திரும்பி, ஏழாம் படுக்கையின் முன் நின்று, ஒன்று விடாமல் சொன்னேன். மகளும் கேட்டுக்கொண்டிருந்தாள். மனு ஐயா முதலில் நம்பவில்லை.

"ஆம், இல்லைன்னு மட்டுமா? 'ஆம் எனில் விவரம்'னு கீழ ஒரு வரி இருக்குமே. எந்தப் படிவத்துலயும் இருக்குமே."

"இந்தப் படிவத்துல இல்ல ஐயா."

"என் பொண்ணுக்காகத்தாம்மா..." என்று இழுத்தார்.

"எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா ஐயா" என்றேன். நோயாளி முன்னால் அழக்கூடாது என்று படித்தவள்தான் நான். அழுதேன்.

அவர் கையை நீட்டிப் பேனா கேட்டார். நான் கொடுக்கவில்லை. மகள் எழுந்து வந்து என் சட்டைப்பையிலிருந்து அவளே எடுத்தாள். "நீங்க எழுத வேணாம்ப்பா. நான் எழுதறேன்."

"நான் சொல்றேன், நீ..."

"நீங்க சொன்னா அது மனுவாயிடும்" என்றாள். அப்பாவை அவள் எதிர்த்துப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். நாற்காலியை மேசையாக்கி, தரையில் உட்கார்ந்து எழுதினாள். கோணல்மாணலான எழுத்து, இரண்டு அடித்தல், பிழை வேறு. எழுதி முடித்ததும் போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டாள். "அப்பா கையை இழுத்தது நான்தான். திட்டறதுன்னா என்னைத் திட்டுங்க" என்றாள். அந்தப் பக்கம் கத்தல் கேட்டது. அவள் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றாள். செத்துப்போகவில்லை.

மனு ஐயா அந்தத் தாளை வாங்கி இரண்டு முறை படித்தார். கண் கலங்கிவிட்டது. "இது நிக்கும்மா. நாப்பது வருஷத்துல இப்படி ஒண்ணு நான் எழுதினதில்ல. மேட்ரன்கிட்ட குடுங்க."

வாங்கிப் படித்தேன்.

'அப்பாவின் ஊசியை இழுத்து விட்டது நான். நர்ஸ் அக்கா மேல் தப்பு இல்லை. நோட்டில் எழுத வேண்டாம் என்று நான் கெஞ்சி கேட்டேன். அக்கா எனக்காக எழுதாமல் விட்டார்கள். அவர்கள் தெய்வம்.'

மூன்றாவது வரியும் நாலாவது வரியும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. பொய்ப் புகாருக்கு ஒரு வருடம்தான் தள்ளிப்போடுவார்கள். நோட்டில் மறைத்த நர்ஸுக்கு அடுத்த வருடப் பட்டியலெல்லாம் கிடையாது. அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இந்த விவகாரத்தில் எழுதப்பட்ட தாள்களிலேயே முழு உண்மை இது ஒன்றுதான். இது நிற்கும், சந்தேகமே இல்லை. நான்தான் விழுவேன்.

மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறந்ததிலிருந்து முதல் தடவையாகத் துணிந்திருக்கிறாள். அவளிடம் எப்படிச் சொல்வது?

"நல்லா எழுதியிருக்கே" என்றேன். "குடுத்துடறேன்." நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அவளும் அப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

அக்கா வீட்டு எண்ணிலிருந்து போன் அடித்தது. எடுக்கவில்லை. கேள்வி என்னவென்று தெரியும்.

நாலு மணி நோட்டுக்கு நேரமாகிவிட்டது. காய்ச்சல் பார்த்தேன், இல்லை. மூச்சை எண்ணினேன், சீராக இருந்தது. "வேற ஏதாவது சொல்லணுமா ஐயா?" என்று வழக்கம்போலக் கேட்டேன்.

"மனசு நிறைஞ்சிருக்கும்மா. ஒரு குறையும் இல்ல" என்றார்.

பேனாவை உதறி, நோட்டைப் பிரித்து, அவர் சொன்னதை எழுதினேன். நோயாளிக்குப் புகார் ஏதும் இல்லை.