ஹால் புகையிலை, வராந்தா புகையிலை

காக்ஸ் டவுனில் ரங்கநாதன் வீட்டில் ஞாயிறுதோறும் கூடுகிற, பைப்பில் புகை பிடிப்பவர்களின் சங்கத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான். இங்கிலிஷ் மிக்சர் என்கிற அசல் புகையிலைக் கலவை பிடிப்பவர்களுக்கு ஹாலில் சோபா. வாசனை சேர்த்த அரோமாட்டிக் பிடிப்பவர்களுக்கு வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலி. அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த மகானுபாவர் பெர்னார்ட். "வெனிலா வேணும்னா ஐஸ்கிரீம் சாப்பிடு மேன்" என்று சங்கத்திலேயே சின்னவனான அமலை வராந்தாவுக்கு விரட்டியதும் அவரேதான். சர்ச்சில் பூசை முடிந்ததும் மனைவி மௌரீனை ஆட்டோவில் ஏற்றிவிட்டு அவர் நேரே ஓடிவருவது அந்தச் சோபாவுக்காகத்தான். அது போனால் அவருக்கு மானமே போன மாதிரி.

இருபது வருஷமாக அவர் பிடிப்பது 'கர்னல்ஸ் ஈவினிங் இங்கிலிஷ் மிக்சர்'. போன ஞாயிறு புது டப்பா ஒன்றைப் பெருமையாக மேஜைமேல் வைத்தார். ரங்கநாதன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"என்ன பெர்னார்ட், 'ஸ்வீட் அரோமாட்டிக்'னு போட்டிருக்கு?"

"பேரைத்தான் மாத்தியிருக்கான். சரக்கு அதேதான், மோந்து பாருங்க!"

மோந்தார்கள். அதேதான். கலவை மாறவில்லை என்று டப்பாவின் அடியிலேயே அச்சடித்திருந்தது. முன்பெல்லாம் கொஞ்சம் வாசனை தெளித்திருந்தாலும் இங்கிலிஷ் என்று விற்றார்களாம். இப்போது புகைபோட்டுக் கருக்கிய இலை இருந்தால்தான் இங்கிலிஷாம். அட கொடுமையே! இத்தனை வருஷமும் நடு ஹாலில் உட்கார்ந்து வெனிலா ஊதிய மனிதரை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"சட்டம்னா சட்டம்தானே?" என்று ரங்கநாதன் இழுத்தார்.

வராந்தாவில் அமல் எழுந்து ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டான். "வாங்க அங்கிள், இங்க காத்து நல்லா வருது." அவன் குரலில் நக்கல்கூட இல்லை. அதுதான் பெர்னார்டுக்கு வயிற்றெரிச்சல்.

சட்டத்தை எடுத்துவிடலாம் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்வாரா? வராந்தாக்காரர்கள் எல்லாம் உள்ளே வந்துவிட்டால் அப்புறம் ஹாலுக்கு என்ன மரியாதை! டப்பாவை அமல் கையில் திணித்துவிட்டு, ரங்கநாதனிடம் அசல் இங்கிலிஷ் ஒரு சிட்டிகை வாங்கி அடைத்துப் பற்றவைத்தார். ரப்பர் எரிகிற நாற்றம். தொண்டை கமறியது, கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"ஆஹா, இதுல்ல புகையிலை!" என்றார்.

வராந்தாவில் அமல் கர்னல்ஸ் ஈவினிங்கைப் பற்றவைத்தான். அந்த மணம் மெல்ல உள்ளே வந்தது. பெர்னார்டின் மூக்கு தானாக அந்தப் பக்கம் திரும்பியது. கண்ணை மூடி ஒரு மூச்சு இழுத்தார்.

பிறகு, சோபாவில் நன்றாகச் சாய்ந்துகொண்டு கத்தினார்.

"யாராவது அந்தக் கதவைச் சாத்துங்கப்பா. நாத்தம் தாங்கல!"