அண்ணன் சொன்ன சாட்சி

வெல்டர் வேலை பார்க்கும் அண்ணன்தான் தங்கையை மிரட்டிப் பதிவுத் திருமணம் செய்துவைத்தான். நான்கே மாதத்தில் கணவன் வீட்டிலிருந்து ஓடிவந்தவள், தான் சம்மதிக்காத திருமணம் செல்லாது என்று வழக்குப் போட்டாள்.

"அவ சிரிச்சுக்கிட்டேதான் கையெழுத்துப் போட்டா" என்று அடித்துச் சொன்ன மாப்பிள்ளை வீட்டார், நம்பிக்கையோடு அண்ணனைச் சாட்சிக்கு அழைத்தார்கள்.

"உங்க தங்கச்சி மனசாரத்தானே கையெழுத்துப் போட்டாங்க?" என்று கேட்டார் அவர்களுடைய வக்கீல்.

"இல்ல சார். மாட்டேன்னுதான் அழுதா. நான்தான் கைய முறுக்கிப் போடவச்சேன்."

"இத்தனை நாள் ஏன் சொல்லல?"

"ஓடிவந்த அன்னிக்குத்தான் சார் அவ கழுத்துல விரல் தடத்தப் பாத்தேன்."

திருமணம் செல்லாது என்று தீர்ப்பானது.

வாசலில், "வீட்டுக்குப் போலாம் வாம்மா" என்றான்.

"உன்கூட வரமாட்டேண்ணா" என்றவள், தோழியின் அறைக்குப் போகத் தனியாகப் பஸ் ஏறினாள்.