அகலத் தோண்டிய முகத்துவாரம்

இந்தக் காலத்து ஆட்களுக்குக் கண் எதற்கு இருக்கிறது என்றே சுக்கானுக்கு விளங்கவில்லை. மழை பெய்கிறதா என்று பார்க்கக்கூட ஜன்னலைத் திறப்பதில்லை, கைப்பேசியைத் தடவுகிறார்கள். அப்படிப்பட்ட ஓர் ஆளே தனக்கு மருமகனாகவும் வந்து வாய்த்ததில் அவருக்குத் தீராத வயிற்றெரிச்சல். மருமகன் துறைமுக அலுவலகத்தில் ஆழம் அளக்கிறவன்.

சுக்கான் என்பது படகுக்காரர்கள் வைத்த பட்டப்பெயர். எல்லோரையும் தன் பக்கம் திருப்பிவிடுவார். காயல் கடலில் சேரும் முகத்துவாரம் குறுகலாக இருப்பதால்தான் மணல் அடைக்கிறது என்று மூன்று மாதம் அலுவலகத்தை நச்சரித்து, அதை இருமடங்கு அகலமாகத் தோண்ட வைத்தவரும் அவர்தான். ஆறே வாரத்தில் அது முன்னைவிட மோசமாகத் தூர்ந்தது. இப்போது முழங்கால் தண்ணீர். கடலில் மீன் கிடைக்கத் தொடங்கி எட்டு நாளாகியும் அவருடைய படகு காயலுக்குள்ளேயே சாய்ந்து கிடந்தது.

நாளை தோண்டும் இயந்திரம் மறுபடி வருகிறது. இரண்டே நாள்தான் இருக்கும். அதை எங்கே இறக்குவது என்பதில்தான் இழுபறி. மருமகன் முகத்துவாரத்தைத் தொடவே வேண்டாம் என்றான். காயலின் வடக்குக் கிளையை மறித்து, லாரி வருவதற்காகச் சுக்கான் கல் கொட்டிப் போட்ட கரையை உடைக்க வேண்டுமாம். அந்தக் கரையில்தான் அவருடைய படகு பழுதுபார்க்கும் கொட்டகை இருந்தது. அவர் சம்மதிக்காமல் அதில் கை வைக்க முடியாது.

"கடல் வத்தும்போது காயல் தண்ணி வெளிய ஓடுதுல்ல மாமா, அந்த ஓட்டந்தான் மணலத் தள்ளணும். வடக்க அடைச்சதுல பாதித் தண்ணி உள்ள வர்றதே இல்ல. மிச்சத்துக்கும் இவ்ளோ அகலம் குடுத்தா அது ஆடி அசைஞ்சு போகுது. மணல் அப்படியே படுத்துக்குது."

"பாய் விரிச்சுப் படுக்க வச்சது நான்தாங்கறீங்க."

"நான் அப்படிச் சொல்லல மாமா."

"வேற எப்படிச் சொன்னீங்க மாப்பிள்ள?"

கடல் வற்றத் தொடங்கியிருந்தது. மருமகன் ஒரு வலை மிதவையை முகத்துவாரத்தின் நடுவில் எறிந்தான். கூட வந்திருந்த சுக்கானின் மகள் கரையோடு நடந்துகொண்டே எண்ணினாள். மிதவை இருபது தப்படி தூரம் போவதற்குள் தொண்ணூறு எண்ணிவிட்டாள். பாறைக்கும் மணல்திட்டுக்கும் நடுவே இருந்த இடுக்கில் எறிந்தபோது பதினெட்டுதான் ஆயிற்று. சுக்கான் மருமகன் கையிலிருந்த அளவுக் கழியைப் பிடுங்கி அந்த இடுக்கில் ஊன்றினார். கழி அவர் கைவரை முழுகியது.

"இது பாறை பண்ணின வேலை."

"பாறை எங்க மாமா வேலை பண்ணுது, அது சும்மாத்தான நிக்குது."

"நீங்களுந்தான் நிக்கிறீங்க. சம்பளம் வருதே."

மகள் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள். சுக்கான் கழியை வீசினார்.

"சுத்தி வளைக்காதீங்க. கரைய உடைச்சா என் படகு எப்ப வெளிய போகும்?"

"ரெண்டு மூணு வாரம் ஆகும். பௌர்ணமி வந்தாத்தான் ஓட்டம் பலமா இருக்கும்."

"இங்கேயே தோண்டினா?"

மருமகன் தயங்கினான். "நாளன்னிக்கே போயிடலாம்."

"அப்புறம் என்ன பேச்சு?"

"போயிடலாம் மாமா. புயலுக்கு உள்ள வர்றதுக்குள்ள மறுபடி அடைச்சிடும்."

"வெளியவே கட்டிக்கிறேன்."

"எதுலப்பா கட்டுவீங்க, அலைலயா?" என்றாள் மகள். "கொட்டகைல ரெண்டு வருஷமா பூனைதான் ஏறிக் குட்டி போடுது. அதக் கட்டிக்கிட்டு அழறீங்க."

சுக்கான் படகைப் பார்த்தார். பார்க்கப் பார்க்க எரிச்சல்தான் ஏறியது. படிக்காத தண்ணீர் மணலைக் கூட்டித் தள்ளுமாம், படித்தவர்கள் கை கட்டி வேடிக்கை பார்ப்பார்களாம். ஆனால் புயலில் கட்ட வேறு இடம் இல்லை. அது மட்டும் அவருக்கே தெரிந்த கணக்கு.

"கொட்டகையப் பிரிச்சுக்கோங்க," என்றார். "நீங்க சொன்னதுக்காக இல்ல. அகலமான வாசல்ல ஆள் கம்மியா போவான்னு சொல்ற கதை இது. எவன் நம்புவான்?"

"மாமா, அது வந்து..."

அவர் அதற்குள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மணலில் கால் புதையப் புதைய, முணுமுணுத்தபடி நடந்துகொண்டிருந்தார்.