நீல வாளி

"எனக்கு நகையும் வேண்டாம், பெரிய வீடும் வேண்டாம். குழாயைத் திறந்தாத் தண்ணி வரோணும். இனி என்ர சீவியத்தில வாளி தூக்கமாட்டன்."

"தண்ணி இஞ்சினியரைக் கட்டப்போறீர். இதைவிட லேசான கொண்டிஷன் வேற இல்லை," என்று சிரித்தான் கிறிஸ்ரியன்.

சிட்னியின் பரமட்டாவில் ஒரு கோப்பிக் கடையில், கலியாணம் பேசி இருவரும் முதன்முதலாகச் சந்தித்த அன்று நடந்த பேச்சு அது. மன்னாரில் இடம்பெயர்ந்தோர் முகாமில் தண்ணீர் பவுசர் லொறிக்கு வரிசையில் நின்று வளர்ந்தவள் அஞ்சலீனா. விளையாட்டாகச் சொல்லவில்லை.

இப்போது அது நினைவுக்கு வரக் காரணம், அவர்களுடைய நார்த்மீட் வீட்டுக் குளியலறையில் திடீரென்று முளைத்திருந்த நீல வாளி.

கிறிஸ்ரியனுக்குக் கொஞ்சக் காலமாக அவுஸ்திரேலியாவின் வடகோடியில் வேலை. பப்புவா நியூகினி எல்லையை ஒட்டிய சின்னத் தீவொன்றுக்குக் குடிநீர், கழிவுநீர் வசதி செய்ய ஒரு நிதியத்திடம் காசு கேட்கிற வேலை. போவான், வருவான். கடைசிப் பயணத்துக்குப் பிறகுதான் ஆள் மாறிப்போனான். ஷவரைத் திறப்பதில்லை; ஒரு வாளித் தண்ணீரில் குளியல் முடிகிறது. இது எந்த வீட்டுப் பழக்கம்? எவள் வீட்டில் பழகியது? போதாக்குறைக்கு, போன் வந்தால் கராஜுக்குள் போய்க் கதவைச் சாத்துகிறான். மறுமுனையில் ஒரு பெண் சிரிப்பது வெளியே கேட்கிறது.

"ஆர் எடுத்தது?"

"ஒஃபிஸ்."

"ஒஃபிஸ் நல்லாத்தான் சிரிக்குது."

அவன் தேத்தண்ணியைக் குடித்தான். சண்டைக்காவது வந்திருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை மத்தியானம், ஊத்தை உடுப்புக் கூடையோடு கராஜ் வாசலில் நின்றாள். உள்ளே ஸ்பீக்கரில் அந்தக் குரல் ஆங்கிலத்தில் கேட்டது: "மனைவியிடம் சொல்லிவிட்டாயா? எவ்வளவு காலம்தான் ஒளிப்பாய்?"

இரண்டு கையிலும் கூடை. காலாலேயே கதவைத் தள்ளினாள்.

"என்னத்தை ஒளிக்கிறீங்கள்? ஆர் அவ?"

அவன் போனை நிறுத்தினான். "லோரா. தீவுச் சபைத் தலைவி. அவவின்ர மனுசனும் பக்கத்தில இருந்துதான் சிரிக்கிறவர். காசு சரிவந்திட்டுது, அஞ்சலீனா."

"அதுக்கேன் கராஜ்?"

"முந்தியும் காசு கிடைச்சுக் கழிவுத்தண்ணிப் பிளான்ட் கட்டினவை. பார்க்க ஆளில்லை. பம்ப் நிண்டு, ஊத்தைத் தண்ணி போய்க் குடிதண்ணிக் கிணத்துக்க விழுந்திட்டுது. எல்லைக்கு அங்கால இருந்து வள்ளத்தில வாற சனமும் அதைத்தான் குடிச்சது. இந்தமுறை ஒரு இஞ்சினியர் ரெண்டு வருஷம் அங்க இருந்தாத்தான் காசு. என்னைக் கேக்கினம்."

"அப்ப அந்த வாளி?"

"அங்க இப்ப குளிக்க ஆளுக்கு ஒரு வாளிதான். ஏலுமோ எண்டு பழகிப் பார்த்தனான். கோப்பிக் கடையில நீர் சொன்னதை நான் மறக்கேல்லை. அதுதான் வாய் வரேல்லை."

அஞ்சலீனா கூடையை வோஷிங் மெஷின் மேல் வைத்தாள். சந்தேகம் எழுந்துபோன கதிரையில் பயம் வந்து உட்கார்ந்தது.

"வராததை வரப்பண்ணுங்கோ. என்ன கேக்கோணும்?"

அவன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான்.

"என்னோட வாரும். பிளான்ட் ஓடத் தொடங்குமட்டும் உம்மட வாளியையும் நான்தான் தூக்குவன்."