கத்தரி அக்காவின் இரண்டு கைபேசிகள்

1

முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் சுயநலத்தில் பிறந்தது. புது மாடல் கைபேசிக்கு மாறலாமா வேண்டாமா என்று மூன்று வாரமாக மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன். கதையாக எழுதினால் வாங்குவதற்கு ஒரு சாக்காவது கிடைக்குமே என்று உட்கார்ந்தேன். என் பழைய போனுக்கு ஒரு குறையும் இல்லை. புதியதில் படம் இன்னும் பளிச்சென்று விழும், அவ்வளவுதான். இரண்டு பத்தியில் எனக்கே கொட்டாவி வந்துவிட்டது.

அப்போதுதான் கத்தரி அக்கா நினைவுக்கு வந்தார். (காய் இல்லை, கோல்.) ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒலி தொகுப்பவர். என் நாவலை நானே வாசித்துப் பதிவு செய்தபோது, என் இருமலையும், எச்சில் விழுங்கும் சத்தத்தையும், வரிகளுக்கு நடுவே நான் புஸ்ஸென்று இழுத்த மூச்சையும் தடம் தெரியாமல் வெட்டி எறிந்தவர். எல்லாம் காதாலேயே. அவருக்குப் பிறவியிலிருந்து பார்வை இல்லை.

அவருக்கும் அதே கேள்விதான் இருந்தது: மாறலாமா, வேண்டாமா? ஆனால் அவருக்கு அது விளையாட்டில்லை.

2

தொடக்கத்தை இப்படி எழுதினேன்:

"இருள் சூழ்ந்த அவளது உலகத்தில் ஒரே ஒளியாக, அந்தச் சின்னஞ்சிறு கருவி—"

விட்டுவிட்டேன். இதைக் கேட்டால் அக்கா என்னையே வெட்டி எறிவார். இருட்டைக் கண்டு பயப்படுகிறவன் நான்தான், அவர் இல்லை. நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன்.

அக்காவின் போனுக்கு ஆறு வயது. திரைக்குக் கீழே வட்டமாக ஒரு பொத்தான். அவருடைய கட்டைவிரலுக்கும் அதற்கும் அப்படி ஒரு பழக்கம். திரையில் இருப்பதையெல்லாம் போன் வாய்விட்டுப் படிக்கும். நம் காதில் விழுந்தால் தகரத்தில் கடுகு கொட்டியதுபோல் இருக்கும், அவ்வளவு வேகம். அக்கா அதைக் கேட்டுக்கொண்டே டீயும் குடிப்பார், பக்கத்து மேசைக்காரருக்குப் பதிலும் சொல்வார்.*

ஒரு நாள் மாலை, சாலை வேலைக்காகப் பேருந்து வேறு வழியில் போய், மூன்று தெரு தள்ளி இறக்கிவிட்டது. வழி கேட்கப் போனை எடுத்தால், அது சார்ஜ் தீர்ந்து உயிரை விட்டிருந்தது. அக்கா நின்றார். சலவைக் கடையின் நீராவி வாசம் எந்தப் பக்கம், பள்ளி மைதானத்துச் சத்தம் எந்தப் பக்கம் என்று பிடித்தார். எதிரே வந்த ஒரு பெண்ணிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். நாற்பது நிமிடத்தில் வீட்டு வாசலில் நின்றார்.

பல் மருத்துவம் படிக்கும் மகள் கதவைத் திறந்த வேகத்தில் கத்தினாள்.

"நாப்பது நிமிஷம்மா! எத்தனை தடவை கூப்பிட்டேன் தெரியுமா? தொலைஞ்சு போயிட்டியோன்னு..."

"நான் எங்கடி தொலைஞ்சேன்? போன்தான் தொலைஞ்சுது."

* ஒருமுறை என் காதில் வைத்துக் கேட்டுப் பார்த்தேன். ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. தமிழில் முப்பது வருடமாக எழுதுகிறேன்.

3

அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை, மகளின் நச்சரிப்பு தாங்காமல் கடைக்குப் போனார்கள். விற்பனையாளர் மகளைப் பார்த்தே பேசினார்.

"அம்மாவுக்கு என்ன மாதிரி வேணும்னு கேளுங்க."

"தம்பி, அம்மாவுக்குக் காது நல்லாவே கேக்கும்," என்றார் அக்கா.

அந்த ஆள் அசடு வழிந்துவிட்டு, புது மாடலைக் கையில் கொடுத்தார். வழவழவென்று ஒரே கண்ணாடி. அக்காவின் கட்டைவிரல் பொத்தானைத் தேடி இரண்டு தடவை வழுக்கியது. அப்புறம் அவரே தட்டித் தடவிப் படிக்கும் குரலை முடுக்கி, வேகத்தைக் கடைசி வரைக்கும் ஏற்றினார்.

"இது என்ன பாஷைங்க?"

"தமிழ்தான். கொஞ்சம் அவசரத்துல இருக்கு."

புதியதில் ஒரு வித்தை இருந்தது. கேமராவை எதன் பக்கம் திருப்பினாலும், அங்கே இருப்பதைச் சொல்லும். அக்கா திருப்பினார். கதவு, ஆறடியில். நாற்காலி, காலி. "என்னைக் காட்டும்மா!" என்று மகள் குதூகலமாகக் கூப்பிட்டாள். திருப்பினார்.

*ஓர் இளம்பெண். கைகளை இறுகக் கட்டியிருக்கிறார். உதட்டைக் கடித்துக்கொண்டிருக்கிறார். கவலையாகத் தெரிகிறார்.*

அந்த வேகத்தில் அது கடையிலேயே ஒருவருக்குத்தான் புரிந்தது.

"என்னம்மா சொல்லுது?"

"நீ அழகா இருக்கியாம்."

(இங்கே நான் பேனாவை வைத்துவிட்டு எழுந்து நடந்தேன். அந்நியனின் மூச்சில்கூட அரை நொடி நடுக்கத்தைக் கண்டுபிடிக்கிறவர். சொந்த மகளின் குரல் அவரை ஏமாற்றியிருக்கிறது.)

அக்கா போனைக் கீழே வைத்தார்.

"உனக்கு என்னடி கவலை?"

விற்பனையாளர் நாகரிகமாக வேறு பக்கம் நகர்ந்துவிட்டார். அவர் போனதும் மகள் சொன்னாள்: "அன்னைக்கு அப்புறம் தினமும் உன் பின்னாடியே பஸ்ல வரேன்மா. நீ வேலைக்கு உள்ள போற வரைக்கும் பாத்துட்டுதான் காலேஜ் போறேன்."

"தெரியும்."

"தெரியுமா? எப்படி?"

"செருப்பு. இடது காலை இழுத்து வைப்பே. மூணாம் நாளே தெரிஞ்சுபோச்சு."

"அப்ப ஏம்மா ஒண்ணும் சொல்லல?"

"நீ கூட வர்றது நல்லா இருந்துச்சு. பாசத்துல வரேன்னு நெனச்சேன். பயத்துல வரேன்னு தெரியலடி."

4

இரண்டு முடிவுகள் எழுதினேன்.

ஒன்றில் அக்கா புதியதை வாங்குகிறார், மகள் கட்டிக்கொள்கிறாள். விளம்பரம்போல் இருந்தது. இன்னொன்றில், பழையதைப் பையில் போட்டுக்கொண்டு நிமிர்ந்த தலையோடு வெளியேறி, "எனக்கு எந்தக் கண்ணும்—" போதும். மேடை நாடகம்.

கதையை இரண்டு முடிவுகளோடும் அக்காவுக்கு அனுப்பினேன். கூடத்துக் கணினியில் போட்டுக் கேட்டார். எந்தப் போனை வைத்திருக்கிறார் என்று நான் பார்த்துவிடக் கூடாதென்றே அப்படிச் செய்தார் என்று நினைக்கிறேன். மொத்தக் கதையும் ஒன்றரை நிமிடத்தில் முடிந்தது.

"ரெண்டுலயும் போன்தான் ஜெயிக்குது சார்."

"உண்மையில என்னதான் முடிவு பண்ணீங்க?"

"அவ பின்னாடி வர்றதை நிறுத்தச் சொல்லிட்டேன். இப்பல்லாம் பக்கத்துலயே உக்காந்து வரா, வரத் தோதுப்பட்டா. பயமா இருந்தா வாயத் தொறந்து சொல்லணும்னு பேச்சு. எனக்குத் தேவைன்னா நானும் சொல்லணும். ரெண்டாவதுதான் கஷ்டம்."

"போன்?"

"அதை எழுதாதீங்க. எழுதினா, படிக்கிறவங்க எல்லாம் அதைப் பத்தி மட்டும்தான் பேசுவாங்க."

நான் சந்தித்தவர்களிலேயே கூர்மையான வாசகர் அவர்தான். சொன்னதைக் கேட்டுக்கொண்டேன்.

5

ஆகவே கதையை அந்தச் சனிக்கிழமையிலேயே நிறுத்துகிறேன். கடை மேசைமேல் இரண்டு போன்கள், பழையதும் புதியதும். மகள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். அக்கா கையை நீட்டுகிறார். விரல்கள் மேசை விளிம்பைத் தொட்டு, மெல்ல உள்ளே நகர்கின்றன. நீங்களும் பக்கத்தில்தான் நிற்கிறீர்கள். எது எங்கே இருக்கிறதென்று உங்களுக்குத் தெரியும். எதை எடுத்தால் நல்லதென்றுகூட உங்களுக்கு ஒரு கருத்து இருக்கலாம்.

அவர் கேட்டால் சொல்லுங்கள். கேட்காமல் கையில் திணித்துவிடாதீர்கள்.