கேட்டில் தொங்கிய கேரியர்கள்

கிள்ளான் மாநகரமானதில் அதன் ஓரத்துக் கிராமமான கம்பம் மெலாத்திக்குப் பெரிதாக ஒன்றும் ஆகிவிடவில்லை. சந்துகளுக்குப் பெயர்ப்பலகை வந்தது. பின்னால் இருந்த சதுப்பு மேடாகி, அதில் வரிசை வீடுகள் எழுந்தன. நோன்பு மாதப் பழக்கம் மட்டும் பழையபடியே இருந்தது. கஞ்சி வேண்டியவர்கள் பிற்பகலில் ஒரு பாத்திரத்தைக் கேட்டில் தொங்கவிட்டால் போதும். தொழுகை நடக்கும் சூராவிலிருந்து ஆள் வந்து ஊற்றிவிட்டுப் போவார். கேட்கவும் வேண்டாம், கூப்பிடவும் வேண்டாம்.

அதை இந்த வருடத்தோடு நிறுத்திவிடலாம் என்றார் கௌஸ். அவர்தான் சூராவுக்குத் தலைவர்; இளைஞன் பர்வேஸுக்குத் தாய்மாமன். ஊர் மாநகரமாகிவிட்டது, வேண்டியவர்கள் வந்து வரிசையில் நின்று வாங்கிக்கொள்ளட்டும் என்பது அவர் கட்சி. நடக்க முடியாதவர்களும் வேலை முடிந்து தாமதமாக வருகிறவர்களும் எப்படி வரிசையில் நிற்பார்கள் என்று பர்வேஸ் கேட்டான். போர்ட் கிள்ளான் கிடங்கில் காலை ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டு, கஞ்சி ஊற்றும் சுற்றைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். மாமா அரைமனதாக இறங்கி வந்தார்.

"ஒரு புகார் வரட்டும், அன்னிக்கே நிறுத்திடுவேன்."

அது நோன்பின் முதல் வெள்ளிக்கிழமை. பழைய சந்துகளை முடித்த பர்வேஸ், வாளியில் மிச்சமிருந்த கஞ்சியோடு மோட்டார் சைக்கிளைப் புது வரிசை வீடுகள் பக்கம் சும்மாதான் திருப்பினான். அங்கே கேட்டுக்குக் கேட்டு டிபன் கேரியர் தொங்கியது. எல்லாம் காலி, கழுவிக் காயவைத்தவை. குடிவந்து சில மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் பழகிக்கொண்டார்களே என்று அவனுக்கு மனம் நிறைந்துபோனது. வாளி காலியாகும்வரை ஊற்றினான்.

நோன்பு திறக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது ஒரு வேன் சூராவ் வாசலில் வந்து நின்றது. இறங்கிய பெண்மணியின் இரண்டு கையிலும் கேரியர்கள், புடவையில் கஞ்சி. சுங்கை வே என்ற ஊரில் சமைத்து வீடு வீடாகச் சாப்பாடு போடும் வள்ளியம்மா அவர். வாடிக்கையாளர்கள் காலிக் கேரியரைக் கேட்டில் மாட்டிவைப்பார்கள். அவர் எடுத்துக்கொண்டு நிறைந்ததை மாட்டிவிட்டுப் போவார்.

"கஞ்சி ஊத்துனது யாரு பாய்?"

பர்வேஸ் முன்னால் வந்தான். தான் செய்தது அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது.

"இது வெள்ளிக்கெழம சைவக் கேரியர், தம்பி. நீ ஆட்டுக்கறியப் போட்டு வச்சிருக்க."

தெரியாமல் செய்துவிட்டேன் அக்கா, புதுக் கேரியர் வாங்கித் தருகிறேன் என்றான். கௌஸ் அவனைப் பார்க்காமல் வள்ளியம்மாவிடம் மன்னிப்புக் கேட்டார். புகாரை எழுதிக் கொடுத்தால் இன்றோடு இந்தச் சுற்றையே நிறுத்திவிடுவதாகவும் சொன்னார்.

வள்ளியம்மா கேரியர்களைக் கீழே வைத்தார். "புகாரா? நான் எங்க பாய் புகார் சொன்னேன்? நானும் அந்தக் கேட்டுலதான் பொழைக்கிறேன். இந்தக் கேரியரு இனிமே வெள்ளிக்கெழமைக்கு ஆகாது, நாளைக்குக் கறி போட வச்சுக்கறேன். என் கேரியரத் தொடாதன்னு சொல்ல வந்தேன், அவ்வளவுதான்."

வள்ளியம்மா பர்வேஸ் பக்கம் திரும்பினார்.

"இன்னொன்னு. மூலை வீட்டு யுகேந்திரன் நான் குடுத்ததுன்னு நெனச்சு குடிச்சிட்டான். போன் போட்டு, ஆன்டி இன்னிக்குக் கஞ்சி பிரமாதம் லா, நாளைக்கும் வேணும்கிறான். என் சாம்பார ஒரு நாளாச்சும் அப்படிச் சொல்லியிருப்பானா?"

பர்வேஸ் சிரிப்பை அடக்கப் பார்த்தான். முடியவில்லை. கஞ்சி வேண்டுமென்றால் சொந்தப் பாத்திரத்தை மாட்டுங்கள் என்று வாடிக்கையாளர்களுக்குத் தானே சொல்லிவிடுவதாக வள்ளியம்மா சொன்னார். போகும்போது வேனிலிருந்து ஒரு தூக்குச்சட்டியை எடுத்து நீட்டினார். அதையும் நிரப்பிக் கொடுத்தார்கள்.

மறுநாள் மாலை பர்வேஸ் புது வரிசைக்குள் நுழைந்தபோது, கேரியர்களுக்குப் பக்கத்திலேயே கஞ்சிக்கென்று வேறு பாத்திரங்களும் தொங்கின. ஒரு வீட்டில் மூடி போட்ட பிளாஸ்டிக் கூஜா, இன்னொன்றில் பால் சட்டி. மூலை வீட்டில், பையில் கட்டிய ரைஸ் குக்கர் உள்பாத்திரம். பாதி வரிசையிலேயே வாளி தீர்ந்துபோக, அவன் திரும்பி வந்து மாமாவின் முன் நின்றான்.

கௌஸ் காலி வாளியை எட்டிப் பார்த்தார். பிறகு சமையல்கட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"நாளைக்குப் பெரிய அண்டாவ எறக்கணும்பா."