அல்லிக்குளத்தாள் படமான கதை

செஞ்சியில் அல்லிக்குளத்தாள் நாடகத்தின் மூன்றாவது பாட்டு தொடங்கியதும், பார்க்க வந்தவர்கள் தரையிலிருந்து ஒரு சாண் எழும்பி, பாட்டு முடிந்ததும் இறங்கிவிடுவார்கள். வெளியூர்க்காரர்கள்தான் முதல் தடவை பக்கத்திலிருப்பவரைப் பிடித்துக்கொள்வார்கள். உள்ளூர்ப் பெண்கள் உட்காரும்போதே புடவையைக் காலுக்கடியில் செருகிக்கொண்டு, கைக்குழந்தையை இடுப்போடு துண்டால் கட்டிக்கொள்வார்கள். எதிரிப் படை சூழ்ந்ததால் கோட்டைக்கு வெளியே மாட்டிக்கொண்ட காவல்காரனை, மதில்மேல் நின்று அவன் பெண்சாதி அல்லிக்குளத்தாள் கூப்பிடுகிற பாட்டு அது. அவளாக வேஷம் கட்டுகிற தனகோட்டி ஐம்பதைத் தாண்டிய ஆம்பிளை, நல்ல தொப்பை. பகலில் அனந்தபுரம் சாலையில் சிமெண்ட் கடை நடத்துகிறார்.

காந்தி பஜாரில் தையற்கடை வைத்திருக்கும் வசந்தா அந்த நாடகத்தை ஒருதடவைகூடத் தவறவிட்டதில்லை. பனமலையில் போட்டாலும் போவாள், மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டும் பார்ப்பாள். அவள் கணவர் ராஜாங்கம் இருபது வருடம் வடநாட்டு லாரி ஓட்டிவிட்டு இப்போது வீட்டோடு இருக்கிறார். கூடவே போவார், ஆனால் எழும்ப மாட்டார். மொத்தக் கூட்டமும் மேலே போனபின் அவர் ஒருவர் மட்டும் பாயில் உட்கார்ந்து, மனைவியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கொட்டாவி விடுவார். வசந்தாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

அனந்தபுரத்துப் பையன் வளவன் சென்னையில் டைரக்டராகி, அந்த நாடகத்தைப் படமாக எடுக்க வந்தபோது ஊரே மாலை போட்டது. அல்லிக்குளத்தாளாக நடிக்க ஒரு சின்னப் பெண்ணைக் கூட்டிவந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்றே வசந்தா கடையைச் சாத்திவிட்டு, கோட்டைக்குள் கல்யாண மகால் பக்கம் நடந்த படப்பிடிப்புக்குப் போய் நின்றாள். மூன்றாவது பாட்டைப் பாதியாக வெட்டிவிட்டார்கள் என்பதும் அங்கேதான் தெரிந்தது.

“இன்னா தம்பி, பாட்ட போய் வெட்டினு கீறியே? அதுல எதுனா சொத்தையா கீதா?”

“அக்கா, நாடகம் வேற, சினிமா வேற.”

“வேறன்னா வேற பேரு வெச்சிக்கோ. எங்க அல்லிக்குளத்தாள வுட்டுடு.”

வளவன் சிரித்தான். டீ கொடுக்கச் சொன்னான். அவள் குடிக்கவில்லை. படத்தில் மந்திரி வேஷம் கிடைத்திருந்த தனகோட்டி, “எனக்கே கோவம் இல்ல, உனக்கு ஏன் வசந்தா டென்ஷன்?” என்றார். அவரோடும் அவள் ஒரு மாதம் பேசவில்லை.

படம் வந்த முதல்நாள் தியேட்டர்காரர் முன்னெச்சரிக்கையாக மின்விசிறிகளை நிறுத்திவைத்தார். வேர்க்க வேர்க்க எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டுக் காத்திருந்தார்கள். பாட்டு வந்தது, போனது. ஒருவரும் எழும்பவில்லை. ஒரு சாண் என்ன, ஒரு நூல்கூட இல்லை. “நான் சொன்னேன்ல” என்று சொல்ல வாயெடுத்த வசந்தா, அதை விட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டாள். ஜெயித்ததில் அவளுக்கு ஒரு சந்தோஷமும் இல்லை.

நாடகத்தில் அந்தப் பாட்டு முடிந்ததும் அல்லிக்குளத்தாள் திரைக்குப் பின்னால் போய்விடுவாள். அடுத்து, சிரிக்கவைக்கக் கட்டியக்காரன் வந்துவிடுவான். படத்தில் அவள் மதிலிலிருந்து இறங்கி, செட்டிக்குளத்துப் படியில் போய் உட்கார்ந்தாள். புருஷனுக்குப் போட்டு மூடிவைத்த சோற்றைத் திறந்து பார்த்தாள். மறுபடி மூடினாள். பாட்டில்லை, வசனமில்லை. இத்தனை வருடம் அவள் திரைக்குப் பின்னால் எங்கே போனாள் என்று தான் யோசித்ததே இல்லை என்பது வசந்தாவுக்கு அப்போதுதான் உறைத்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினால் பக்கத்து நாற்காலி காலி. ராஜாங்கம் மின்விசிறிக்குப் பக்கத்தில் வேட்டியைப் பிடித்தபடி மிதந்துகொண்டிருந்தார்.

“வசந்தா, நான் லாரில போனப்போ நீயும் இப்டித்தான் குந்தினு இருந்தியா?” என்று மேலேயிருந்து கேட்டார்.

“பின்ன? ஊர் சுத்தவா போனேன்?” என்று சொல்லிக்கொண்டே அவளும் மேலே போனாள். பின்னாலேயே வரிசை வரிசையாக எல்லோரும் எழும்பினார்கள். தனகோட்டிதான் கடைசி. சாண் கணக்கெல்லாம் இல்லை, எல்லோருக்கும் கூரையில் தலை தட்டியது. கீழே வாசலருகே நின்றிருந்த வளவனைப் பார்த்து, “தம்பி, பாட்ட வெட்னது தப்புதான், இத வெச்சது சரி” என்று வசந்தா கத்தியது அடுத்த தெருவரை கேட்டதாம்.

நாடகம் இப்போதும் நடக்கிறது. வசந்தா இப்போதும் போகிறாள், ராஜாங்கம் இப்போதும் பாயில் உட்கார்ந்து கொட்டாவி விடுகிறார். படம் தியேட்டரை விட்டுப் போய், ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் டிவியில் வருகிறது. சாப்பிடுகிற நேரம். மேலே போய்ச் சாப்பிடச் சாம்பார் தோதுப்படாது, சொட்டுகிறது என்பதால், படம் போடுகிற ஞாயிறுகளில் வசந்தா புளிச்சோறும் அப்பளமும் செய்துவிடுகிறாள்.